மஞ்சள் கிண்ணப் படலம்

வாழிய சுகிர்தபாய்! தமிழ் எங்கே முடிகிறது, மலையாளம் எங்கே தொடங்குகிறது என்று சர்வேக்காரனே தலையைச் சொறியும் குளத்தூர்த் திருமண்ணில், சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலாளராய்ச் செங்கோலோச்சும் வெண்சேலை வேந்தே! ஆராதனையில் சுருதி விட்டுப் பாடியவளை அரைப் பார்வையால் உட்காரவைக்கும் கூர்விழிக் கொற்றவையே! (வேதக்காரப் பெண்மணியைக் கொற்றவை என்றதற்குச் சபை பொறுத்தருள்க, காவியத்துக்கு வேறு போக்கிடம் இல்லை.) உன் பெரும்போரைப் பாடாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

பகை புகுந்த வாயில் கைப்பேசி. வடநாட்டு மாளிகைகளில் மருமகள்மார் மஞ்சள் பூசிக் குதித்தாடும் தொலைக்காட்சித் தொடர்களைப் பால்குடி மறந்த நாள்முதல் கண்டு வளர்ந்தவளும், பின்னர் தன் தோழிமார் ஒவ்வொருத்தியும் அக்கூத்தையே ரீலாக்கி உலகுக்கு அருளக் கண்டு உறக்கம் கெட்டவளுமாகிய பூங்குழல் லிஜா, சுகிர்தபாயின் ஒரே மகள், தன் திருமணத்துக்கு முந்தின நாள் தனக்கும் ‘ஹல்தி’ என்னும் அந்த மஞ்சள் பூச்சு வேண்டும் என்று முரசறைந்தாள்.

“எல்லாருக்க கல்யாணத்துலயும் உண்டும்மா. எனக்கு மட்டும் இல்லேன்னா நாலுபேரு என்ன நெனப்பாவ?”

நான்கு தலைமுறையாக மஞ்சளை மீன்குழம்புக்கு வெளியே நடமாட விடாத குடும்பம் அது. சுகிர்தபாய் சினந்தாள். சமையலறைப் பாத்திரங்கள் நடுங்கின.

“நாம வேதக்காரங்களாக்கும்! செத்தாலும் அந்த மஞ்சக் கிண்ணத்த நான் தொடமாட்டேன், கேட்டியா!”

போர்நாள் புலர்ந்தது. முற்றமெங்கும் மஞ்சள் துணி, மஞ்சள் பலூன், மஞ்சளுடுத்த மாமிமார் சேனை. வாழ்நாளெல்லாம் வெள்ளை வேட்டியன்றி வேறறியாதவரும், சுகிர்தபாய் தன் வலக்கையென நம்பியிருந்தவருமான கணவர் ராஜதாஸ், ஆன்லைனில் வரவழைத்த மஞ்சள் குர்த்தாவுக்குள் தொந்தியைத் திணித்துக்கொண்டு வெட்கச் சிரிப்போடு எதிரணியில் போய் நின்றார். அட மனுசா! இதற்கா முப்பது வருடம் பொங்கிப் போட்டாள்?

களத்தின் நடுவே முக்காலியில் லிஜா. அருகே உருளி நிறையக் குழைத்த மஞ்சள். கல்யாண வீடியோக்காரனாகிய ஷிஜு, ஒற்றைக்கண் கேமராவைத் தோளிலேற்றி, தென்னைமரத் தலைக்குமேல் டிரோனை வண்டென ரீங்கரிக்கவிட்டு, சிரி என்றால் சிரிக்கவும் திரும்பு என்றால் திரும்பவும் சொந்தபந்தத்தை ஆட்டிவைத்தான். பெற்ற தகப்பன் சொல்லிக் கேளாதவரெல்லாம் அவன் சொல்லுக்கு அடங்கினார்கள். அத்தைமார் பூசினார்கள், மாமன்மார் பூசினார்கள், ராஜதாஸ் இரண்டுமுறை பூசினார். எஞ்சியது பெற்றவள் ஒருத்தி.

“அடுத்தது அம்மா!” என்று ஷிஜு முழங்கினான். சுகிர்தபாய் அடுக்களை வாசலில் அரண்மதிலாய் நின்றாள்.

சும்மா நிற்கவில்லை அவள். உள்ளே வெந்துகொண்டு நின்றாள். அந்த வீடியோ பாலராமபுரத்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும். தாய் இல்லாத ஹல்தியைக் கண்டால், தாய்க்கும் மகளுக்கும் ஆகாது என்று சம்பந்திமார் வாய்நிறையப் பேசுவார்கள். போனாலோ, ஞாயிற்றுக்கிழமை சங்கத்துப் பெண்கள் பேசுவார்கள். எப்படியும் பேச்சு உண்டு. மகள் முகம் வாடுவதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஆயினும் வீரமகள் விடுவாளோ? கடைசி அஸ்திரத்தை எடுத்து விட்டாள்: “இது இந்துக்களுக்க முறையாக்கும்! வேணும்னா சரசம்மாட்ட கேளுங்க!”

பந்தலின் பிளாஸ்டிக் நாற்காலியில் எலுமிச்சை பிழிந்த நாரங்காவெள்ளம் பருகிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சரசம்மா, கோயில் பிரசாதச் சந்தனம் துலங்கும் நெற்றியை நிமிர்த்தினாள்.

“எங்களுக்க முறையா? நல்ல கதை! எனக்க கல்யாணத்துக்கு எண்ணெ தேச்சுக் குளிச்சேன், அவ்வளவுதான். இந்தக் கூத்தெல்லாம் நானும் டிவியிலதான் பாத்தது.”

அஸ்திரம் பிசுபிசுத்தது. யாருக்கும் சொந்தமில்லாத சடங்கோடு இனி யாரைச் சாட்சி வைத்துச் சண்டைபோடுவது?

அப்போது லிஜா திரும்பினாள். மஞ்சள் வழியும் முகத்தில் இரு கண்கள் மட்டும் அம்மாவைத் தேடின.

“வாம்மா” என்றாள்.

ஆகா, அடுத்த வாரம் கணவனோடு குவைத்துக்கு விமானமேறப்போகும் மகள் அழைத்த அந்த ஒரு சொல்லில், நான்கு தலைமுறைக் கோட்டை சரிய, சங்கத்துச் செங்கோல் நழுவ, கட்டிய வெள்ளைச் சேலையோடே முற்றம் கடந்து வந்த மாவீரி, விரலை உருளியில் தோய்த்து, பள்ளிக்கூடக் காலத்தில் பவுடர் போட்டுவிட்டதற்குப் பிறகு ஒருநாளும் தொடாத அந்தக் கன்னத்தைத் தொட்டாள். தொட்ட கை எடுக்க முடியாமல் அங்கேயே நின்றது. தாயும் மகளும் கட்டிக்கொண்டு, கரை உடைந்த குளமாய், ஊர் பார்க்க ஓவென்று அழுதார்கள்.

“ஆன்ட்டி, அழப்பிடாது! ஹாப்பியாட்டு, ஹாப்பியாட்டு!” என்று ஷிஜு கூவியது இருவர் செவியிலும் ஏறவில்லை. மாமிமார் மூக்கைச் சிந்தினார்கள். ராஜதாஸ் புதுக் குர்த்தாவிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஊரில் அன்று கேமராவுக்காக நடக்காத காரியம் அது ஒன்றுதான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

வீடியோவில் அந்த இடத்தை ஷிஜு வெட்டிவிட்டான், பின்னணிப் பாட்டோடு சேரவில்லையாம்.