மடக்குக் கத்தி பற்றிய முதல் அபிப்பிராயம்

கத்தி என்பது வெட்டுவதற்கான பொருள் என்றுதான் நாங்கள் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் பார்சல் கிடங்கின் நிர்வாகம் அந்தத் தவறான எண்ணத்தை ஒரே ஒரு சுற்றறிக்கையில் திருத்திவிட்டது.

கிடங்குக்கு வரும் மூட்டைகள் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். பட்டையை வெட்டி, மூட்டையைப் பிரித்து, பார்சல்களை ஊர்வாரியாகப் போடுவது எங்கள் வேலை. அதற்கு ஆளுக்கொரு ஆயுதம் வைத்திருந்தோம். துணி சுற்றிய உடைந்த ரம்பத் துண்டு, சமையலறையில் ஓய்வுபெற்ற காய்கறிக் கத்தி, இப்படி. பார்க்க லட்சணமாக இருக்காது. வெட்டும்.

"ஊழியர் நலனில் தணியாத தாகம் கொண்ட நிர்வாகம், உலகத் தரம் வாய்ந்த மடக்குக் கத்தியைத் தலைக்கு ஒன்று வீதம் வழங்கத் திருவுளம் கொண்டுள்ளது" என்றது சுற்றறிக்கை. எங்கள் சூப்பர்வைசர் அதைக் குரல் தழுதழுக்க வாசித்தார். கழிவறைக் குழாய் பழுது பற்றிய அறிவிப்பையும் அவர் அப்படித்தான் வாசிப்பார். அதனால் அவருக்கே 'சுற்றறிக்கை' என்று பெயர் வைத்திருந்தோம்.

பழையதைக் கொடுத்தால்தான் புதியது. கொடுத்தோம். எல்லாவற்றையும் இரும்பு நசுக்கும் இயந்திரத்தில் போட்டு, போட்டோ எடுத்து, கைதட்டினார்கள். இனி வெளியிலிருந்து கத்தி உள்ளே வரக்கூடாது, உள்ளேயிருந்து கத்தி வெளியே போகக்கூடாது என்று வாசல் காவலருக்கு உத்தரவும் போனது.

புதுக் கத்தி வந்தது. கண்ணாடி மாதிரித் தெரியும் கெட்டி பிளாஸ்டிக் கூட்டுக்குள், நாலு ஓரமும் உருக்கி ஒட்டப்பட்டு, பத்திரமாகப் படுத்திருந்தது. கூட்டின் முதுகில் பொடி எழுத்தில், "கத்தியால் வெட்டித் திறக்கவும்" என்று போட்டிருந்தது.

"எந்தக் கத்தியால?" என்று கேட்டார் பஸ் அக்கா.

பஸ் அக்கா எங்களோடு மூட்டை பிரிப்பவர். அவர் வீட்டுக்காரர்தான் தினமும் காலையில் எங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பஸ்ஸை ஓட்டுபவர். போன வாரம் யாரோ ஒரு சொந்தக்காரர் அந்த வீட்டுக்காரருடைய மூக்குக் கண்ணாடியின் மேல் உட்கார்ந்து எழுந்தார். புதுக் கத்தி வந்ததற்கு மறுநாள் காலையில் டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை. தேறாவிட்டால் ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, பஸ் கழுவ விட்டுவிடுவார்கள். ஆர்டர் செய்த புதுக் கண்ணாடி எங்கள் கிடங்குக்கே வந்து, அக்காவின் கண்ணெதிரே, பட்டை கட்டிய ஒரு மூட்டைக்குள் இருந்தது. அக்கா அந்த மூட்டையின் மேல் ஒரு கையை வைத்தபடியே நின்றார்.

"திறக்குறதுக்கு இப்ப அவசரம் இல்ல" என்றார் சுற்றறிக்கை. "முதல்ல எல்லாரும் முதல் அபிப்பிராயம் சொல்லணும். திறந்துட்டா அது பழசு. பழசைப் பத்தி முதல் அபிப்பிராயம் எப்படிச் சொல்லுவீங்க?"

இதற்காகவே இரவு ஷிப்ட்டுக்காரர்களான எங்களைப் பகலில் வரச் சொல்லியிருந்தார்கள். தூங்கவேண்டிய நேரத்திலும் எங்களிடம் அபிப்பிராயம் இருக்கும் என்று நிர்வாகம் நம்பியது. வெயிலைப் பார்த்துப் பழக்கமில்லாமல் ஆளுக்கொரு பக்கம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றோம்.

தலைமையகத்திலிருந்து அபிப்பிராய அதிகாரி வந்தார். கூர்மையான ஷூ. சட்டைப் பையின் விளிம்பில் அதே மடக்குக் கத்தி, கிளிப் போட்டு, பளபளவென்று. தலைமையகத்தில் இப்போது எல்லாரும் அப்படித்தான் அணிகிறார்களாம். அது இல்லாமல் லிஃப்டில் ஏறினால் பக்கத்தில் நிற்பவர் தள்ளி நிற்கிறாராம்.

"சார், புண்ணியமாப் போவும். அந்தக் கத்தியக் கொஞ்சம் குடுங்க. ஒரே ஒரு பட்டை" என்றார் அக்கா.

அதிகாரி பையைப் பொத்திக்கொண்டார். "இது அதிகாரிகளுக்கான மாடல்மா. பாதுகாப்பு கருதி அலகை எடுத்துட்டாங்க. பிடி மட்டும்தான்."

"அப்புறம் எதுக்கு சார் குத்திக்கிட்டு இருக்கீங்க?"

"பார்வைக்கு."

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ராக்கெட் முதலில் அழைக்கப்பட்டான். அவன் ஓட்டும் வேகத்தில் பின்னால் வருபவர் ஒரு தூக்கம் போட்டு எழலாம். அதனால் அந்தப் பெயர்.

"கையில பிடிச்சுப் பாருங்க. எடை எப்படி இருக்கு?"

"பிளாஸ்டிக்கோட சேத்தா, சேக்காமலா சார்?"

"பொதுவா."

"பொதுவா பரவாயில்ல சார்."

"பிடி வசதியா இருக்கா?"

"பிளாஸ்டிக்கு வழுக்குது."

"பிடி வசதியானது" என்று அதிகாரி எழுதினார். "வெட்டுமா?"

"தெரியல சார்."

"தெரியலங்கிறது அபிப்பிராயம் இல்லப்பா. பார்த்தவுடனே மனசுல என்ன தோணுது?"

"வெட்டினா நல்லா இருக்கும்னு தோணுது."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "வெட்டு மிக நன்று."

அடுத்து நாங்கள் வரிசையாகப் போனோம். எனக்கு ஒன்று புரிந்தது: குறை சொன்னவர்களிடம் அவர் விளக்கம் கேட்டார், புகழ்ந்தவர்களை உடனே விட்டார். பிளாஸ்டிக்கின் வழியே தெரிந்த அந்தக் கத்தியின் தோற்றத்தில் கம்பீரம் இருப்பதாக நான் சொன்னேன். "கம்பீரம்" என்று அவர் இரண்டு முறை உச்சரித்துப் பார்த்து எழுதிக்கொண்டார். தூங்கப் போகவேண்டியவன் வேறு என்ன சொல்வான்.

பஸ் அக்கா மட்டும், "அபிப்பிராயம் மூட்டை பிரிச்சதும் சொல்றேன்" என்றார்.

"நீங்க சொன்னாதான் பிரிவோட அறிக்கை முடியும். அறிக்கை மேல போய் உத்தரவு வந்தாதான் கத்தியைத் திறக்க முடியும்" என்றார் அதிகாரி.

"எப்ப வரும்?"

"சீக்கிரம். அடுத்த மாசம்."

அக்கா குனிந்து பட்டையில் பல்லை வைத்தார். சுற்றறிக்கை பதறி ஓடிவந்தார். "பல் அங்கீகரிக்கப்பட்ட கருவி இல்லம்மா! பட்டையை வெட்டுறதா இருந்தா புதுக் கத்தியாலதான் வெட்டணும். அதுதான் விதி."

"வெட்டத்தானே கூடாது?" என்றான் ராக்கெட். "உடைக்கலாமா?"

சுற்றறிக்கை விதிகளை மனதுக்குள் புரட்டினார். நல்ல மனிதர்தான், அக்காவின் முகத்தைப் பார்த்தும்தான் புரட்டினார் என்று நினைக்கிறேன். "உடைக்கக் கூடாதுன்னு எங்கேயும் போடல" என்றார் கடைசியில்.

ராக்கெட் வண்டியைக் கொண்டுவந்தான். "தம்பி, பாத்துப்பா, பாத்துப்பா" என்று அக்கா கூடவே நடந்தார். இரும்புக் கரத்தின் நுனியைப் பட்டைக்குள் நுழைத்து அவன் மெல்லத் தூக்கினான். மூட்டை அந்தரத்தில் ஆடியது. பட்டை தெறித்தது. மூட்டை விழுந்தது. உள்ளே எங்கோ 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

கண்ணாடியின் ஃபிரேமுக்கு ஒன்றுமில்லை. இடது பக்கக் கண்ணாடியில் விரிசல், மேலிருந்து கீழ்வரை. அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அப்புறம் அதிகாரியிடம் திரும்பி, "எழுதிக்குங்க சார். ரொம்ப நல்ல கத்தி" என்றார்.

அறிக்கை நிறைவு பெற்றது. ஒரு பிரிவு முழுவதும் ஒருமனதாகப் பாராட்டியது இதுவே முதல் தடவையாம். அடுத்த மாதம் வரவேண்டிய உத்தரவு மறுநாள் ஷிப்ட்டுக்கு நாங்கள் வருவதற்குள்ளேயே வந்துவிட்டது. திறக்காத நிலையிலேயே கத்தி இத்தனை திருப்தி அளித்திருப்பதால், அதைத் திறக்கவேண்டிய அவசியம் எழவில்லை. ஊழியர்கள் அதைக் கூட்டோடு சட்டையில் அணிந்தால் போதும்.

பஸ் அக்கா சிரித்த முகமாக வந்தார். "பாஸாயிட்டாரு!"

"விரிசலோடயா அக்கா?"

"பரிசோதனை பண்றவர் நிமிந்து பாத்தாராம். ஃபிரேம் எடுப்பா இருக்கே, எங்க வாங்கினீங்கன்னு கேட்டாராம். எழுத்துப் பலகை பக்கமே போகல. முத்திரை குத்திட்டாராம்."

நாங்கள் கைதட்டினோம்.

ஷிப்ட் முடிந்து காலையில் பஸ் ஏறினோம். எல்லார் மார்பிலும் கத்தி, பிளாஸ்டிக்கோடு. எங்களைப் பாராட்டிவிட்டுத் திரும்பும் அபிப்பிராய அதிகாரியும், தன் கார் பழுது என்று எங்களோடு ஏறினார். டிரைவர் இடது கண்ணை மூடிக்கொண்டு கிளம்பினார். முன் சீட்டில் பஸ் அக்கா.

"இடது பக்கம் லாரிங்க" என்றார் அக்கா. "கொஞ்சம் வலப்பக்கம் ஒடிங்க. இன்னும் கொஞ்சம். போதும் போதும்."

"ஆளைப் பார்த்தாலே தெரியுது, நல்லா ஓட்டுறவர்னு" என்றார் அதிகாரி.

மறுத்துப் பேசும் தகுதியை நாங்கள் அவருடைய அறிக்கையிலேயே எழுதிக் கொடுத்திருந்தோம்.

"முன்னால சிவப்புங்க. சிவப்பு. ஏங்க, சிவப்பு!"

பஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு நின்றது.

"பிரேக் எப்படி?" என்று அதிகாரி பழக்க தோஷத்தில் கேட்டார்.

"மிக நன்று" என்றோம், எல்லாரும் ஒரே குரலில். கீழே பார்த்தேன். எங்கள் ஒவ்வொருவரின் வலது காலும் பஸ்ஸின் தரையை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது. அவற்றின் நடுவே கூர்மையான ஷூ ஒன்றும்.