வெக்டர் கட்டிய பாலம்

உலகத்தில் யார் பெரியவன், யார் சின்னவன் என்ற சண்டையை ஒரே சூத்திரத்தில் தீர்த்து வைக்கக்கூடிய மனிதன் ஒருவன்தான் இருந்தான். மியூனிக் பக்கத்துக் கார்ஹிங்கில் எங்கள் மாணவர் விடுதியின் இரண்டாம் மாடியில், பொதுச் சமையலறையை ஒட்டிய அறையில் குடியிருந்தான். அவனுக்குக் குக்கரை மூடத் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஊர் நாகர்கோவில். கணிதத்தில் ஆராய்ச்சி. பெற்றவர்கள் வைத்த பெயர் எங்களில் யாருக்கும் நினைவில்லை. வெக்டர் என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். எதையும் எதனோடும் மோதவிட்டு வரிசைப்படுத்துவது அவன் வியாதி. "நேத்து உன் ரசம் ரவியோட சாம்பார்கிட்ட தோத்துருச்சு. அந்தச் சாம்பார் போன வாரம் என் உப்புமாகிட்ட தோத்தது. அப்ப உன் ரசத்தோட நிலைமைய யோசிச்சுப் பாரு" என்பான். அந்த உப்புமாவைச் சாப்பிட்டவன் என்ற முறையில் நானும் யோசித்தேன். அதன்பிறகு கொஞ்ச காலம் தயிரோடு நிறுத்திக்கொண்டேன்.

சூத்திரம் எளிமையானதாம். "பலசாலிய ஜெயிச்சா மார்க் நிறைய. நோஞ்சானை ஜெயிச்சா கொஞ்சம்."

"யாருடா பலசாலி?"

"பலசாலிகள ஜெயிச்சவன்."

"அந்தப் பலசாலிகள் யாரு?"

"அவங்களும் அப்படித்தான்."

"டேய், இது சுத்திச் சுத்தி ஒரே இடத்துக்கு வருதே!"

"அதான்டா அழகு" என்று கண்ணை மூடிக்கொள்வான். எனக்குத் தலை சுற்றும்.

ஜெர்மனியில் எந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலும் பதினோரு தமிழ் மாணவர்கள் சேர்ந்துவிட்டால், முதலில் ஒரு வாட்ஸ்அப் குழு பிறக்கும். அடுத்து ஒரு கால்பந்து அணி. அதற்கடுத்து ஒரு மனஸ்தாபம். எங்கள் அணிக்கு நான் கோல்கீப்பர். அது மரியாதைக்குச் சொல்வது. கோலுக்கு முன்னால் நின்று பந்து போகும் திசையைப் பார்ப்பவன் என்பதே சரி. தெற்கே மொத்தம் ஐந்து அணிகள். மற்ற நான்கு பேரிடமும் நாங்கள் தோற்றிருந்தோம்.

எங்களுக்கு இருந்த ஒரே ஆசை பேர்லின். அங்கே நொய்கெல்ன் பகுதியில் உணவகம் வைத்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வருடா வருடம் போட்டி நடத்துவார். கொத்து ரொட்டியில் மன்னன் என்பதால் அவர் எல்லோருக்கும் கொத்து அண்ணை. மைதானம் ஒரு மதியத்துக்குத்தான் கிடைக்கும். நான்கு அணிகளுக்குத்தான் இடம். யாரை அழைப்பது என்று ஒவ்வொரு வருடமும் அடிதடி. வெறுத்துப்போன மனிதர், அந்த வருடம் வெக்டரின் புகழ் கேட்டு ஃபோன் செய்துவிட்டார்.

"தம்பி, இந்தப் பெடியளின்ரை சண்டை என்னாலை தாங்க ஏலாது. உங்கட கணக்கு ஆரைச் சொல்லுதோ, அந்த நாலு பேரும் வரட்டும். சரியோ?"

நீதிபதி எங்கள் விடுதி ஆள்! அன்று வெக்டருக்கு நானே ஆம்லெட் போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்துவிட்டு அவன் சொன்னான்: "கணக்கு வராது."

தெற்கு அணிகள் தங்களுக்குள்ளேயே ஆடியிருக்கின்றன. வடக்கும் அப்படியே, அங்கே கொத்து அண்ணையின் பேர்லின் அணி உட்பட எல்லோரையும் வென்று ஹனோவர் முதலிடத்தில் இருக்கிறது. ஆனால் தெற்கும் வடக்கும் ஒரு தடவைகூட மோதியதில்லை. "ரெண்டு தீவு மாதிரிடா. நடுவுல பாலமே இல்லாம எப்படி ஒரே வரிசைல எழுதுவேன்? ஒரு ஆட்டம் வேணும். ஒண்ணே ஒண்ணு."

பாலம் கல்யாண வடிவில் வந்தது. எங்கள் அணியின் இடது பின்காப்பாளனுக்கும் ஹனோவரில் படித்த யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கும் மியூனிக்கில் திருமணம். மண்டபத்தில் ஒரு பக்கம் எங்கள் அணி, மறுபக்கம் ஹனோவர் அணி, சமையலுக்குப் பெண்ணின் சித்தப்பா. வேறு யார், கொத்து அண்ணைதான். தாலி கட்டி முடித்ததும் வெக்டர் மேடையேறினான். பரிசு கொடுக்கப் போகிறான் என்று மாப்பிள்ளை கையை நீட்டினான்.

"ஒரு அரைமணி நேரம் வெளிய வரியா? லெஃப்ட் பேக் இல்ல."

மாப்பிள்ளை பயந்துபோய் மனைவியைப் பார்த்தான். அவள் சிரிக்கவேயில்லை. "போட்டு வாங்கோ. ஆனா வெல்லுறது எங்கட ஹனோவர்தான், சொல்லிப்போட்டன்."

மண்டபத்தின் பின்னால் புல்வெளி. இரண்டு பக்கமும் வேட்டி சட்டை. யார் எந்த அணி என்றே தெரியவில்லை. வெக்டர் காசு சுண்டித் தீர்ப்புச் சொன்னான்: "வேட்டிய மடிச்சுக் கட்டினவன் கார்ஹிங். இறக்கி விட்டவன் ஹனோவர்."

கொத்து அண்ணை விரலை வாயில் வைத்து விசிலடித்தார். ஹனோவர்க்காரர்கள் வடக்கின் புலிகள்தான், ஆனால் கணுக்கால்வரை தொங்கும் வேட்டியில் புலியால்கூட ஓட முடியாது. அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தபோது, கழுத்து மாலை முகத்தை மறைக்க, எங்கள் மாப்பிள்ளை கண்ணை மூடி உதைத்தான். கோல்! சன்னலில் நின்ற மணப்பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசி நிமிடம். ஹனோவரின் முன்னணி வீரன் வேட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு என்னை நோக்கி வந்தான். சரியாக அந்த நேரத்தில், எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட மணப்பெண்ணின் அப்பா கோல் ஓரமாக நடந்து வந்தார்.

மடித்துக் கட்டிய வேட்டியோடு பெரியவர் முன்னால் நிற்கலாமா? என் கை தானாகப் போயிற்று. வேட்டியை இறக்கிவிட்டு, "வாங்க மாமா" என்றேன். சீறி வந்த பந்து, விரிந்த வேட்டியில் திரைச்சீலையில் மோதியதுபோல மோதி, என் காலடியில் பூனைக்குட்டியாய்ப் படுத்தது. என் கோல்கீப்பர் வாழ்க்கையில் நான் தடுத்த முதல் பந்து.

"வேட்டிய இறக்கிட்டான்! அப்ப இவன் எங்க ஆளு! ஆட்டம் செல்லாது!" என்று ஹனோவர் கத்தியது.

கொத்து அண்ணை கையை உயர்த்தினார். "அவர் பெரியாளுக்கு மரியாதை குடுத்தவர். மரியாதைக்கு ஃபவுல் இல்லை."

வென்றோம்! தெற்கின் கடைசி அணி வடக்கின் முதல் அணியை வீழ்த்தியது! பந்தியில் உட்கார்ந்து பேர்லினில் என்ன சட்டை போடுவது என்று பேசிக்கொண்டிருந்தோம். வெக்டர் மடிக்கணினியை மூடிவிட்டுப் பாயசத்தை இழுத்துக்கொண்டான்.

"நாம அஞ்சாவது."

கடித்த பப்படத்தை இலையிலேயே வைத்தேன்.

"நீங்க ஹனோவர ஜெயிச்சீங்க. அதனால வடக்கு முழுசும் உங்களுக்குக் கீழ. ஆனா உங்கள ஏற்கெனவே அடிச்ச நாலு பேரு உங்களுக்கு மேல. அவங்கதான் பேர்லின் போறாங்க."

"இது ஆட்டத்துக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். தோத்திருந்தா இன்னும் கீழ போயிருப்போம்."

"பாவி! ஒரு சின்ன நம்பர மாத்துடா. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே" என்று பாயசத்தைக் குடித்தான்.

எங்களைவிடக் கொத்து அண்ணையின் நிலைமை மோசம். "அப்ப பேர்லினிலை நடக்கிற போட்டியிலை பேர்லினே இல்லையோ?" கரண்டியைச் சட்டிக்குள் போட்டார். பிறகு, "நான்தானே கணக்கைக் கேட்டனான். விடுங்கோ" என்று உள்ளே போய்விட்டார்.

ஒரு வாரம் வெக்டரோடு யாரும் பேசவில்லை. போட்டியன்று காலையில் அவனே ஒவ்வொரு கதவாகத் தட்டினான். "கிளம்புங்கடா. நம்மள அடிச்சவன் எவ்வளவு பெரிய ஆளோ, நம்ம தோல்விக்கு அவ்வளவு மதிப்பு. அவங்களுக்காகக் கத்தணும்!"

ஆக, எங்களைத் தோற்கடித்த நான்கு அணிகளுக்கும் ஒரே சமயத்தில் கைதட்டிய ஒரே ரசிகர் கூட்டம் நாங்கள்தான். கொத்து ரொட்டியும் கிடைத்தது. திரும்பும்போது ரயிலில் வெக்டர் மெதுவாகச் சொன்னான்: "நீ அன்னிக்குப் புடிச்ச பந்த எந்தக் கணக்குலயும் சேக்கல. சும்மா ஞாபகம் வெச்சிருக்கேன்."

இப்போது அவன் ஹனோவரில் பேராசிரியர். நான் இன்னும் கார்ஹிங்கில்தான். ஞாயிறுதோறும் கூப்பிட்டு, ரசமா உப்புமாவா என்று ஏதாவது வம்புக்கு இழுப்பேன். ஒரு தடவையும் நான் ஜெயித்ததில்லை. அதனாலென்ன? ஆட்டமே இல்லாவிட்டால் எங்கள் இரண்டு பேரையும் ஒரே வரிசையில் எழுத முடியாதே.