தோகிமுராவின் சாவு

ஜப்பானிய எழுத்தாளர் தோகிமுராவை இந்த வாரமே கொன்றுவிடுவது என்று சத்தியவேடு ரைஸ்மில் குமாஸ்தா கன்னையா தீர்மானித்தார். பெற்றவருக்கு அந்த உரிமை உண்டு என்பது அவர் கட்சி.

கன்னையா எதிர்காலக் கதைகள் எழுதுவார். எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்த சமயம். சென்னைப் பத்திரிகை ஆசிரியர் முதல் கதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"உங்க ஊர் நாளைக்கு ஆந்திராவா மெட்ராஸான்னே உங்களுக்குத் தெரியாது. நூறு வருஷம் கழிச்சு நடக்கப்போறதை நீங்க எழுதினா யார் சார் நம்புவா?"

அதே கதை 'ஜப்பானிய மூலம்: தோகிமுரா, தமிழில்: கன்னையா' என்று போனதும் அச்சாகிவிட்டது. பிறகு வாராவாரம் ஒரு கதை வந்தது. தோகிமுரா மேதை என்றார்கள் வாசகர்கள். மொழிபெயர்ப்புதான் சகிக்கவில்லையாம்.

தன்னை ஒருவராவது எழுத்தாளர் என்று சொல்லமாட்டாரா என்று கன்னையா ஏங்கிப்போனார். தோகிமுராவே தன்னைப் பாராட்டுவதுபோல ஒரு முன்னுரை எழுதினார். இந்த ஆளையும் பாராட்டுகிறாரே, என்ன பெரிய மனசு என்று தோகிமுராவின் புகழ்தான் ஏறியது.

அதனால்தான் கொலை. அவர் போனால் அந்த இடத்தில் தன் பெயரைப் போடலாம். தோகிமுரா காலமானார் என்று பத்திரிகைக்கு எழுதிய கன்னையாவின் கோழிக்கிறுக்கலை வழக்கம்போல மனைவி தாட்சாயணிதான் அழகாக நகலெடுத்தாள்.

"பாவம், அவருக்கு சம்சாரம் கீறாங்களா?"

"இருந்துட்டுப் போவட்டும். நீ எழுது."

சித்தூரில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். கன்னையா தாட்சாயணியையும் கூட்டிக்கொண்டு போனார். படம் கிடைக்காததால் ஒரு காலி நாற்காலிக்கு மாலை. வாசகர்கள் கண்ணைத் துடைப்பதைப் பார்த்த கன்னையாவுக்கு வயிறு எரிந்தது.

"தோகிமுரான்னு யாருமே கிடையாதுங்க. எல்லாம் நான் எழுதினது."

"துக்கத்துல பேசறார்," என்று ஆசிரியர் அவரை உட்காரவைத்துச் சோடா கொடுத்தார். "கவலைப்படாதீங்க. அதான் தோகிமுராவோட சம்சாரம் எழுதின கதையை அனுப்பிட்டீங்களே. அவரைவிட நல்லா எழுதறாங்க. உங்க மொழிபெயர்ப்பும் இப்பத்தான் உருப்படியா இருக்கு."

"நான் அனுப்பினேனா?"

"உங்க கையெழுத்துதானே சார்."

திரும்பும் பஸ்ஸில் கன்னையா மனைவியையே பார்த்துக்கொண்டு வந்தார். தாட்சாயணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்:

"அவரு இருந்தமட்டும் முடிவை மட்டுந்தான் மாத்தி எழுதிக்கினு இருந்தேன், நீங்க கொன்னு போட்டதால முழுக் கதையும் நானே எழுத வேண்டியதா பூட்ச்சு."