தாய்மை அறையின் சாவி

மானுட வரலாற்றில் தாய்மையைப் போற்றிய அலுவலகங்கள் பல இருக்கலாம். அதைப் பூட்டிப் பாதுகாத்த ஒரே அலுவலகம் எங்கள் வரைபட அலுவலகம்தான். சாவி என்னிடம் இருந்ததால் சற்றுப் பெருமையாகவே சொல்கிறேன்.

பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பும் பெண்கள் பால் எடுத்து வைக்க ஓர் அறை வேண்டும் என்று மேலிடம் உத்தரவிட்டது. உடனே எழுவர் குழு அமைத்தோம். எழுவரும் ஆண்கள் என்பதால் பாரபட்சத்துக்கு இடமில்லை. தாய்ப்பால் குடித்த 'முன் அனுபவம்' எல்லோருக்கும் இருந்தது. பதினொரு கூட்டங்கள் நடந்தன. ஒன்பது கூட்டங்கள் திரைச்சீலையின் நிறத்துக்கே போயின. ஒருவழியாக இளநீலத் திரை, சாய்வு நாற்காலி, குளிர்பெட்டி, உள்தாழ்ப்பாள் சகிதம் அறை தயாரானது. மேலிடத்து ஆய்வு வரும்வரை அழுக்காகக் கூடாதென்று பூட்டினேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் வரைவாளர், நாலு மாதக் கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார். வீட்டில் ஒத்துழைப்புக்குக் குறைவில்லை. கடிகாரம் பழுதுபார்க்கும் கணவர், கடையை வீட்டுக்கே மாற்றிக்கொண்டு குழந்தையைப் பார்த்துக்கொண்டார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரான மாமனார், எடுத்த பாலை வாங்கிப்போக, பகல் ஒரு மணிக்கு ஐஸ் பெட்டியோடு வாசலில் நிற்பார். வீடே இவ்வளவு உதவும்போது அலுவலகமும் உதவ வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை அல்லவா?

"சார், சாவி குடுங்க. இருபது நிமிஷம் போதும். நேரத்துக்கு எடுக்கலேன்னா பால் வத்திடும்" என்றார் வரைவாளர்.

நான் படிவத்தை நீட்டினேன். மூன்று நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். 'பால் சுரக்கும் உத்தேச நேரம்' என்றொரு கட்டம் உண்டு. அதற்கு முன்பே சுரந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல. அவர் ஒழுங்காக நிரப்பிக் கொடுத்தார். குழு கூடி, ஆய்வு முடியட்டும் பார்க்கலாம் என்று ஒருமனதாக முடிவெடுத்தது.

அவர் பழைய கோப்பு அறைக்குப் போனார். கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுப் பால் எடுத்தார். கோப்பு கேட்டு யாராவது தட்டிக்கொண்டே இருந்தார்கள். முதல் வாரம் புட்டி நிறைந்தது. அடுத்த வாரம் பாதி. மூன்றாம் வாரம் மாமனார் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பரவாயில்லம்மா, நாளைக்கு வரும்" என்றார்.

பார்வை மட்டும் என் இடுப்பில் தொங்கிய சாவிமேல் இருந்தது. எனக்கேகூட ஒரு கணம் உறுத்தியது. விதிமுறை ஞாபகம் வந்ததும் சரியாகிவிட்டது.

ஆய்வு நாள் வந்தது. அறையில் தாயும் சேயுமாக ஒரு படம் வேண்டும் என்றார் மேலதிகாரி. நானே ஆள் அனுப்பினேன். கணவர் குழந்தையோடும் மாமனார் ஐஸ் பெட்டியோடும் வந்து சேர்ந்தார்கள். அறையைத் திறந்தோம், படம் எடுத்தோம், கைதட்டிவிட்டு வெளியே வந்தோம். வரைவாளர் வரவில்லை. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

தட்டினேன். "அம்மா, படம் எடுத்தாச்சு. பூட்டணும், வெளிய வாங்க."

"பாப்பா பால் குடிக்குது சார். மூணு நாள் முன்னாடி எழுதிக் குடுத்துட்டு வந்து தட்டுங்க."

மாமனார் கதவருகே ஐஸ் பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். மேலதிகாரி பொறுமையிழந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது ஐந்து நிமிடம் முந்தி ஓடுவதாகக் கணவர் பணிவுடன் தெரிவித்தார்.

அறைக்கு விருது கிடைத்தது. ஆண்டறிக்கையை நான்தான் எழுதினேன். படம் எடுக்க அறை திறக்கப்பட்டது ஒருமுறை. அது 'சாதனைகள்' பகுதியில் இருக்கிறது. ஒரு தாய் அங்கே உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்ததும் ஒருமுறை. அதை 'அத்துமீறல்கள்' பகுதியில் சேர்த்திருக்கிறேன்.