உன் அம்மா குளியலறையில் மாட்டிக்கொண்டது பற்றி

கள்ளக்குறிச்சி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் அனிட்டாவுக்கு, அப்பா தைரியநாதன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. மாதா தயவில் நாங்கள் இருவரும் சுகம். பெங்களூரில் நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். யாருக்கும் அடி இல்லை.

நேற்றுக் காலை உன் அம்மா குளியலறைக்குள் மாட்டிக்கொண்டாள். வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி, பல்லிகூட நுழையாத புதுக் கதவு என்று நீ பார்த்துப் பார்த்துச் செய்துகொடுத்தாயே, அந்தக் கதவின் தாழ்ப்பாள்தான் இறுகிக்கொண்டது. பதினோரு பேர் இருந்த வீட்டில் இப்போது இரண்டே பேர் என்று வாசலிலிருந்து மொட்டைமாடிவரை கிரில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறோம் அல்லவா, அந்தச் சாவிக்கொத்தும் அவளோடு உள்ளே. "மாதாவே, மாதாவே" என்று தெருவே கேட்கக் கத்தினாள். நான் கொஞ்சமும் பதறவில்லை. ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மஜீத் பாயைக் கூப்பிட்டேன். எழுபத்தாறு வயதில் கைத்தடியோடு அவர் ஓடிவந்ததைப் பார்த்து, எனக்கு அவரை நினைத்துத்தான் பயமாகிவிட்டது.

"வேற யாரையாச்சும் கூப்புடுங்க பாய்."

"யாரக் கூப்புடறது வாத்தியாரே? என் ஜுனைத் துபாய்ல, ஒங்க பொண்ணு பெங்களூர்ல. இந்தத் தெருவுல அறுவதுக்குக் கம்மியா ஒரு ஆளு காட்டுங்க பார்ப்போம்!"

என் யோசனைப்படி அம்மா சாவியை வெண்டிலேட்டர் வழியாக வெளியே வீசினாள். அது சந்துப் பக்கச் சன்ஷேடில் போய் உட்கார்ந்துகொண்டது. பாய் கைத்தடியை வீசி அதைத் தள்ளப் பார்த்தார். தடியும் மேலேயே தங்கிவிட்டது. தடி இல்லாமல் அவரால் ஓரடி நகர முடியவில்லை. ஆக, காப்பாற்ற வேண்டியவர்கள் இரண்டு பேராகிவிட்டார்கள்.

நல்லவேளை, பக்கத்து மனையில் சித்தாள் வேலைக்குக் கல்வராயன் மலையிலிருந்து வந்திருக்கும் சின்னப்பொண்ணு பார்த்தாள். சாரத்தில் ஏறி இரண்டையும் எடுத்தாள். தடியைப் பாயிடம் கொடுத்துவிட்டு, கேட்டைத் திறந்து வந்து கடப்பாரையால் கதவைப் பெயர்த்தாள். "இத்தினி பூட்டு போட்டுக்கினு எப்படிங்கய்யா தூங்கறீங்க?" என்றாள்.

அவளும் புருஷனும் இரண்டு பெண்பிள்ளைகளும் தகரக் கொட்டகையில் இருந்தார்கள். சும்மா கிடந்த மாடியில் குடிவரச் சொன்னேன், இன்று வந்துவிட்டார்கள். தலைக்குமேல் ஓயாமல் காலடிச் சத்தம். உன் அம்மா பெரிய சட்டியைப் பரணிலிருந்து இறக்கச் சொல்கிறாள். அதனால் நீ லீவு போட்டு எங்களை அழைத்துப்போக வரவேண்டாம். அவள் பயந்த சுபாவம். ஆனால் பக்கத்தில் நான் இருக்கிறேன்.

உங்கள் இருவர் நெற்றியிலும் மனதால் சிலுவை வரைந்து முடிக்கிறேன்.

அப்பா

பி.கு.: அனிட்டா, அம்மா எழுதறேன். ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சிட்டேன். உள்ள மாட்னது நான் இல்ல, ஒங்கப்பா. கத்தனதும் அவருதான். சாவிய வீசச் சொன்னதுதான் நான். நேத்துலேர்ந்து என் பின்னாடியே சுத்திக்கினு இருக்காரு. இந்த லெட்டர எழுதறப்பகூட அவரோட ஒரு கை என் முந்தானையப் புடிச்சிக்கினுதான் இருந்துது.