‘குட்டி ஆன்டெனா’ நினைவுப் பேரவையின் மகத்தான கண்காட்சி

தமிழர் வரலாற்றில் பொற்காலம் எது என்ற நெடுநாள் வழக்கு, போன மாதம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குப் பக்கத்து ஓட்டலின் ஏசி அறையில், நெய்ரோஸ்ட் வந்துசேர்வதற்குள் தீர்க்கப்பட்டது. சங்ககாலம் இல்லை. சோழர் காலமும் இல்லை. ‘குட்டி ஆன்டெனா’ என்ற சிறுவர் டிவி வார இதழ் வெளிவந்த காலமே அது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

முன்மொழிந்தவர் பேரவைத் தலைவர் விக்டர், இன்சூரன்ஸ் கம்பெனி மேலாளர். வழிமொழிந்தவர் செயலாளர் கலீம், தில்லைநகரில் ஃபிளெக்ஸ் அடிப்பவர்.

“டிவியில என்ன வரும்னு அந்தப் புஸ்தகம் முன்னாடியே சொல்லும். சொன்னபடியே வரும். அந்த நேர்மை இன்னைக்கு எங்கங்க இருக்கு?” என்று கலீம் கேட்டபோது உறுப்பினர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

விக்டர் எழுந்தார். “புஸ்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டு அம்மா, அப்பா, பிள்ளைங்க எல்லாரும் ஒரே டிவி முன்னாடி உக்காந்தோமே, அது போச்சுங்க! இன்னைக்கு ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு மூலை!” இதை அவர் போனைப் பார்த்தபடியே முழங்கினார். பேச்சு அதில்தான் இருந்தது.

ஆகவே ‘அக்கால நடுக்கூடம்’ என்ற கண்காட்சி. தேவையான பழைய இதழ்கள், பெட்டி டிவி, ஒயர் நாற்காலி மூன்றும் ஒரே இடத்தில் இருந்தன: பொன்மலையில் தனியாக இருக்கும் விக்டரின் அம்மா அமலராணியின் வீட்டில். விக்டர் கடைசியாக அங்கே போனது கிறிஸ்துமஸுக்கு. இது பொதுத்தொண்டு என்பதால் மறுநாளே போனார்.

“வாடா! உக்காரு, காபி போடறேன்” என்றார் அமலராணி, முகமெல்லாம் மலர்ந்து.

“நேரமில்லம்மா. வண்டி வாசல்ல நிக்குது.”

பரணிலிருந்து இதழ்க் கட்டு இறங்கியது. பிறகு டிவியின் பிளக்கைப் பிடுங்கினார் விக்டர்.

“டேய், அதுலதான் நான் சாயங்காலம் ஜெபமாலை பாக்கறேன்.”

“மூணே நாள்மா. சமுதாயத்துக்காக.”

“அந்தச் சமுதாயத்துல நான் இல்லையா?”

தத்துவார்த்தமான கேள்வி. பதில் சொல்ல நேரமில்லாததால், நாற்காலியை எடுக்க வசதியாக அம்மாவை எழுந்திருக்கச் சொன்னார்.

ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் கண்காட்சி அமர்க்களப்பட்டது. இதழ்கள் பிளாஸ்டிக் உறைக்குள் ‘படிக்கக் கூடாது’ என்ற வேண்டுகோளோடு பாதுகாக்கப்பட்டன. டிவிக்கு மாலை போட்டிருந்தார்கள். சுற்றிலும் கயிறு. குடும்பங்கள் சேர்ந்தே வந்தன. வந்ததும் பிரிந்து அவரவர் செல்ஃபி எடுத்துக்கொண்டன.

இரண்டாம் நாள் மாலை, பஸ் மாறி பஸ் ஏறி அமலராணி வந்தார். கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

உதவிக்கு நின்ற கல்லூரி மாணவி சம்ரீன் ஓடிவந்தாள். “அம்மா, அது காட்சிப்பொருள். உக்காரக் கூடாதுங்க.”

“என் நாற்காலிம்மா இது.”

கூட்டம் கைதட்டியது. “தத்ரூபம்!” என்றது ஒரு குரல். கலீம் பூரித்துப்போனார். “அண்ணே, அம்மாவையே வச்சுட்டீங்களே!” என்று ‘அக்காலத் தாய்’ என ஒரு ஃபிளெக்ஸ் அடித்து, கையோடு அமலராணியின் தலைக்கு மேல் மாட்டினார்.

“டிவியைப் போடுடா. ஜெபமாலை ஆரம்பிச்சிருக்கும்” என்றார் அமலராணி மகனிடம்.

“கனெக்‌ஷன் குடுக்கலம்மா. இது பாக்கறதுக்கு இல்ல. வந்து பாத்துட்டுப் போறதுக்கு.”

“சரி, நீயாவது கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காரேன்.”

விக்டர் நாற்காலிப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். ஆனால் சமயபுரத்திலிருந்து ஒரு குடும்பம் விளக்கத்துக்காகக் காத்திருந்தது.

“உக்கார எங்கம்மா நேரம்? நாம சேர்ந்து உக்காந்த கதையைத்தானே இத்தனை பேருக்கும் சொல்லிக்கிட்டிருக்கேன்!”

மைக்கை வாங்கி அக்காலத் தாயின் அன்பைப் பற்றி அவர் உருகியதில் மண்டபமே விசும்பியது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். ஃபிளெக்ஸ் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா, டிவி, நாற்காலி எதையும் காணோம். மூன்றையும் ஏற்றிக்கொண்டு ஓர் ஆட்டோ போய்விட்டிருந்தது.

“நீ தடுக்கலையா?” என்று சம்ரீனிடம் பாய்ந்தார்.

“நான்தான் சார் டிவியை ஒரு கை பிடிச்சு ஏத்தி விட்டேன். ‘வேணும்னா வந்து எடுத்துக்கட்டும், அதுக்காவது வீட்டுக்கு வருவான்’னு சொன்னாங்க.”

பேரவையின் அறிக்கை இதை ஒரே வரியில் பதிவு செய்திருக்கிறது: ‘காட்சிப்பொருள் ஒன்று தானாக எழுந்து வீட்டுக்குப் போய்விட்டது.’ தலைவர் தளரவில்லை. பொன்மலைக்குப் போய்வரும் அலைச்சல் இல்லாமல், ஆன்லைனிலேயே வேறொரு பழைய டிவியும் ஒயர் நாற்காலியும் தருவித்துவிட்டார். அடுத்த கண்காட்சி தஞ்சாவூரில். ‘அக்காலத் தாய்’ மட்டும் இன்னும் அமையவில்லை. தகுந்த அம்மாள் யாராவது இருந்தால் பேரவைக்குத் தெரிவிக்கலாம். தகுதி ஒன்றே ஒன்றுதான்: பக்கத்தில் வந்து உட்காரும்படி மகனைக் கூப்பிடக் கூடாது.