ஆறு பேருக்கு ஒன்று

முந்நூறு பேர் வரும் கல்யாணத்துக்கு முந்நூறு சஹன் சோறு ஓடராகியிருந்தது. சஹன் என்பது ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டு. சமையற்காரர் நஸீம் கடைக்குப் போன் எடுத்து, பெரஹரா ஊர்வலம் பார்க்க வரும் சனத்துக்கும் சேர்த்தா சமைக்க வேண்டும் என்று கேட்டபோதுதான் பஸ்லினாவுக்குத் தன் பிழை தெரிந்தது.

கட்டுகஸ்தோட்டையில் மக்கீன் ஹாஜியாரின் கல்யாணச் சாமான் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. ஹாஜியார் புதிதாக ஓர் ஏஐ உதவியாளரை வாங்கியிருந்தார். வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளரோடு பேசி, சாப்பாடு, கதிரை, வாகனம் எல்லாவற்றையும் அதுவே ஒழுங்கு செய்து, ஓடரின் கடைசியில் மணமக்களின் பெயரையும் எழுதும். ஒவ்வொன்றுக்கும் அதனிடம் ஒரு கருவி இருந்தது. எந்தக் கருவி என்ன செய்யும், அதற்கு என்ன விவரம் கொடுக்க வேண்டும் என்று விளக்கம் எழுதுவது பஸ்லினாவின் பொறுப்பு. சஹன் கருவிக்கு அவள் எழுதியிருந்தது ஒரே வரி: 'எத்தனை பேர் என்று கொடு.' அது கொடுத்துவிட்டது.

தப்பைத் திருத்தி, இனி யார் கண்ணுக்கும் தப்பக் கூடாது என்று விளக்கத்தின் உச்சியில் பெரிதாக எழுதினாள்: 'ஆறு பேருக்கு ஒன்று.'

மறுநாள் முந்நூறு பேருக்கு ஐம்பது கதிரை பதிவாகியிருந்தது. ஐம்பது கிளாஸ். ஐம்பது வட்டிலப்பக் கோப்பை. மணமேடையில் இருப்பது இரண்டு பேர்தான் என்பதால், கணக்குப் பார்த்து அங்கே ஒரு கதிரை போதும் என்று முடிவு செய்திருந்தது.

ஹாஜியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

"மாப்பிள்ள நிண்டுக்கிட்டா ஈக்கப் போறாரு, மகள்?"

உச்சியில் எழுதியதை அது எல்லாக் கருவிக்கும் பொதுவாக எடுத்துக்கொண்டிருந்தது. பஸ்லினா அந்த வரியை சஹனுக்குக் கீழே இறக்கினாள். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே உதாரணம் எழுதினாள். எப்போது பாவிக்க வேண்டும், எப்போது பாவிக்கக் கூடாது என்றும் எழுதினாள். கணக்கெல்லாம் சரியாக வந்தது. ஆனால் மணமேடைக்கு அது தானாகவே கத்தரிப்பூ நிறத் துணியைத் தெரிவு செய்துவிட்டது. பிறகு குறை சொல்லப் போவது மணமகள்தான், அவளிடம் கேட்காமல் எதையும் செய்ய விடாதே என்று ஹாஜியார் சொன்னார்.

பஸ்லினா இந்த முறை சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை. 'ஓடரின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஒவ்வொன்றுக்கும் மணமகளுக்குச் சம்மதமா என்று கேள். பதில் வராமல் உறுதி செய்யாதே' என்று எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

உதவியாளர் சொன்னதைச் செய்தது. கலகெதரையில் இருந்த கல்யாண வீட்டுக்குக் கேள்வி மேல் கேள்வி பறந்தது. துணியின் நிறம் மணமகளுக்குச் சம்மதமா? கை கழுவும் பேசின் சம்மதமா? ஜெனரேட்டர் சம்மதமா? வாகனம் நிறுத்துமிடத்தில் கட்டும் பல்புகள் சம்மதமா? முதலில் பதில்கள் உடனுக்குடன் வந்தன. திடீரென்று நின்றுபோயின. அதற்குப் பிறகு வந்தது மணமகளின் உம்மா றமீலாவிடமிருந்து ஒரே ஒரு செய்தி: 'நாளைக்கு நேரில வாறேன்.'

அந்த மாதத்தின் பெரிய ஓடர் அது. ஹாஜியார் மூன்று விதமாக மன்னிப்புக் கேட்கப் பழகிப் பார்த்தார். பஸ்லினா தன் மேசையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எப்படியும் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள், பிறகு அதற்காக ஒரு தரம் திரும்பி வரக் கூடாது.

றமீலா வந்தார். ஹாஜியார் கதிரையை இழுத்துப் போட்டு, பலூடா வரவழைத்தார். றமீலா முழுவதையும் குடித்து முடித்தார். ஹாஜியார், மெஷினுக்கு அறிவு காணாது, எழுதிக் கொடுத்த பிள்ளையும் புதுசு, ஓடரை மட்டும் ரத்துச் செய்ய வேண்டாம் என்று தொடங்கினார். பஸ்லினா நிலத்தைப் பார்த்தபடி, எழுதியது தன் பிழைதான் என்றாள்.

றமீலா எழும்பி வந்து பஸ்லினாவின் கன்னத்தைத் தடவினார். அவருடைய கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"ரத்தா? உங்கட மெஷின் கேட்ட எல்லாத்துக்கும் எங்கட மகள் நதா ஓம் செல்லிட்டா, ஒரு வரிக்குத்தான் ஏலாண்டு செல்லி அழுதா. சஹன், கதிரை, பூக்கட்டின கார் எல்லாம் அப்பிடியே ஈக்கட்டும் ஹாஜியார், மாப்பிள்ளைட பேர மட்டும் ரிஸ்மி எண்டு மாத்திப் போடுங்க."